பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு காயில்

பாலத்தின் நடுவில் கார் நின்றபோது, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பேத்தி தையற்காரியின் மடியில் இருந்தாள். சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசிக்கொண்டே வந்து நின்ற சத்தம் அடங்குவதற்குள், பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். மயிரிழையில் ஒதுங்கிப் போன லாரிக்காரன், ஜன்னல் வழியாக அவர்கள் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். பதிலுக்குத் தையற்காரியும் அவனைத் திட்டித் தீர்த்தாள். குழந்தை மட்டும் யாருக்கு வந்த விருந்தோ என்று தூங்கிக்கொண்டிருந்தது.

"காயில் சூடாயிடுச்சு," என்றார் முன்சீட்டில் இருந்த டிரைவர். அவர் தையற்காரியின் கணவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்று வெகுநாள் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். "எல்லாரும் இறங்கி ஓரமா நில்லுங்க. யாராவது போய்த் தண்ணி கொண்டு வாங்க."

இந்த வார்த்தைகள் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. காயில் என்பது என்ன, அது என்ன செய்யும் என்று வீட்டில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். பேட்டரியின் கொஞ்சூண்டு மின்சாரத்தைப் பெருக்கிப் பொறி பறக்க வைக்கிற உருளை அது. பார்க்க ஒரு சின்ன டப்பா மாதிரி இருக்கும். பழைய வண்டியில் அது எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், சூடு ஏறினால் சோர்ந்துவிடும். எஞ்சின் நின்றுபோகும். ஈரத் துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். போன கோடையில் முதல் தடவை இப்படி நின்றபோது, தெருமுனை எலக்ட்ரீசியன்தான் துணி வைத்தியத்தைச் செய்து காட்டினான். அன்று முதல், கார் நின்றால் எல்லாரும் இறங்கி ஆளுக்கொரு திசையில் தண்ணீர் தேடிப் போவது அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. போனவர்கள் திரும்பி வருவதற்குள் டிரைவர் பானெட்டைத் திறந்து, துணியைச் சுற்றி, பக்கத்தில் நிற்பார். பிறகு எதுவும் நடக்காதது போல் வண்டி கிளம்பும்.

காயில் தொல்லைக்கு வெகு முன்பே காருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் மகள். காலையில் கிளம்ப அடிக்கடி முறுக்கிக்கொள்ளும், காரணம் சொல்லாது, எல்லாரும் சுற்றி நின்று தாங்கினால்தான் நகரும் என்பதால் வந்த பெயர். மகளுக்குக் கல்யாணமாகி நிஜ மாப்பிள்ளை ஒருவர் வந்த பிறகு, சீனியாரிட்டி பார்த்துக் காரைப் பெரிய மாப்பிள்ளை ஆக்கினார்கள். நிஜ மாப்பிள்ளை பாவம், சிரித்துக்கொண்டே இரண்டாம் இடத்தை ஏற்றுக்கொண்டார்.

ஆனால் பாலத்தில் நின்றதைத் தையற்காரியால் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஊசியைக் கண்ணால் பார்க்காமலே கோக்கிற கை அது.

நிஜ மாப்பிள்ளைக்கு மலைமேல் வேலை. குழந்தைக்குக் கொஞ்சம் கழுத்து நின்றதும் மகளையும் பேத்தியையும் அங்கே கொண்டுபோய் விட வேண்டும். மலைப்பாதையோ கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. பாலத்திலாவது நடைபாதைக் கல் இருந்தது. மலையில் காயில் சூடாகி நின்றால் எந்தக் கல் தடுக்கும்?

"வாடகைக் கார் பிடிச்சுப் போயிடலாம்," என்று மகளிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அப்பா ஓட்டினா நான் தூங்கிட்டே போவேன்," என்றாள் மகள். "வேற எவனாவது ஓட்டினா கண்ணைத் திறந்துக்கிட்டே செத்துடுவேன். பாப்பாவை வேற வச்சுக்கிட்டு. வேண்டாம்மா."

அதற்குமேல் அதில் பேச என்ன இருக்கிறது? பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு கீறல்கூட இல்லாதவர் என்று தெருவே சொல்லும். பக்கத்து வீட்டார் தங்கள் பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்பும்போதும் டிரைவர் எப்போது சும்மா இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொண்டு நாள் குறிப்பார்கள். அவருக்கும் அதில் ஒரு பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் அன்றைக்குச் சட்டையை மட்டும் இரண்டு தடவை தேய்ப்பார்.

சரி, மனுஷனை மாற்ற முடியாது, காயிலையாவது மாற்றலாம் என்றாள். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கம்பெனி காயில் அது. சூடு, அவ்வளவுதான். என் வண்டியில எவனும் கை வைக்க வேண்டாம்."

"வைத்தியம் பாக்காமயே நோயாளியை வச்சுக்கிட்டு ஊர் சுத்துவீங்களா?"

அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். தையற்காரி மட்டும் இளைத்தவளா? பயணத்துக்கு முந்தின நாள் அவர் பென்ஷன் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு முதல் நாளே, கடைத்தெருவில் பட்டன் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, அவள் நேராக மோட்டார் உதிரிபாகக் கடைக்குப் போய் நின்றாள்.

"கார் காயில் ஒண்ணு வேணும்," என்றாள், ஒரு கண்டு நூல் கேட்பது போல.

கடைக்காரர் அவளையும் அவள் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பையும் பார்த்தார். வரும் அவசரத்தில் அதைக் கழற்ற மறந்திருந்தாள். "வண்டியில ரெசிஸ்டர் இருக்கா, இல்லையாம்மா?"

தையற்காரி திருதிருவென்று விழித்தாள். காயில் என்றால் காயில் என்றல்லவா நினைத்திருந்தாள். கடைக்கு வெளியே வந்து தெருமுனை எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டாள். எப்போதும் பழைய ஃபியூஸ்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவதால் அவனுக்கு ஃபியூஸ் என்றே பெயர்.

"இருக்குக்கா," என்றான் ஃபியூஸ். "காயிலுக்குக் கொஞ்சம் தள்ளி வெள்ளையா, பீங்கான் துண்டு மாதிரி ஒண்ணு திருகி வச்சிருக்கும். கரண்டை அது கொஞ்சம் குறைச்சு அனுப்பும். அது இருக்கிற வண்டிக்கு ஒன்றரை ஓம் காயில்தான் போடணும். மூணு ஓம் வாங்கிட்டு வந்துடாதீங்க. ஸ்பார்க் நோஞ்சானா வரும். ஊருக்குள்ள ஓடும், மலையில மூச்சு வாங்கும்."

அவள் உள்ளே திரும்பி வருவதற்குள் கடைக்காரர் ஒரு பளபளப்பான காயிலை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். "இதுதான் நல்லா ஓடுது. எல்லா வண்டிக்கும் போடலாம்."

"எத்தனை ஓம்?"

கடைக்காரர் சற்றுத் தயங்கினார். "மூணு."

தையற்காரிக்குப் பகீர் என்றது. போன் போடாமல் இருந்திருந்தால் இதைத்தான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பாள். பட்டுக்குப் போடுகிற ஊசியை ஜீன்ஸுக்குப் போட்டால் ஒடியும் என்பது ஊசி விற்கிறவனுக்குத் தெரியாதா? "எல்லாருக்கும் சேர்ற மாதிரி நான் ஜாக்கெட் தைச்சா நீங்க உங்க வீட்டுல வாங்கிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். கடைக்காரர் இன்னொன்றை எடுத்து வைத்தார். ஒன்றரை ஓம் என்று ஒட்டியிருந்தது. ஆனால் கையில் எடுத்தபோது அவள் முகம் மாறியது. விளிம்பு மடிப்புக்குள் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. பழைய துணியைக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் புதிது என்று விற்கிறவர்களை அவள் நிறையப் பார்த்தவள். விளிம்பை நகத்தால் கீறிக் காட்டினாள். கீழே துரு தெரிந்தது.

கடைக்காரர் அசடு வழிந்தபடி உள்ளே போய், அட்டைப்பெட்டி பிரிக்காத ஒன்றைக் கொண்டு வந்தார். கேட்காமலே மீட்டரை வைத்து அளந்தும் காட்டினார். முள் ஒன்றரையில் நின்றது. நீல நிறக் காயில், கையில் கனமாக இருந்தது. இந்தக் காலத்தில் ஒரு பொருளை ஏமாறாமல் வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது என்று அவள் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாள். ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

மறுநாள் காலை டிரைவர் பென்ஷன் ஆபீசுக்குக் கிளம்பித் தெரு திரும்பியதும், ஃபியூஸ் திருப்புளியோடு வந்துவிட்டான். பழைய காயிலைக் கழற்றி, பெஞ்சில் வைத்துச் சூடாக்கி, பேட்டரியைக் கொடுத்துப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"பழசுல குறை ஒண்ணும் தெரியலையேக்கா. சூட்டுலயும் ஸ்பார்க் நல்லாத்தான் வருது."

"உன்கிட்ட நல்ல பிள்ளையா நடிக்குது. அவரைப் பாத்தாத்தான் அதுக்கு மூச்சு நிக்குது."

"எதுக்கும் புதுசை எஞ்சின் மேல வைக்காம, பானெட்டுக்குள்ளயே பக்கத்துத் தகட்டுச் சுவர்ல தள்ளி வைக்கிறேன். அங்க சூடே வராது. பழசு இருந்த இடத்துலயே இருக்கட்டும், ஸ்பேரா. ஒயர் மட்டும் குடுக்கல." அவன் வேலையை முடித்துக் கையைத் துடைத்தான். "மாமா பானெட்டைத் திறந்தா முதல் பார்வையிலயே தெரிஞ்சிடும். பழசுல ஒயரே இல்ல, புதுசு நீலமா மின்னுது. எனக்கும் உங்களுக்கும் சேர்த்து அர்ச்சனை நடக்கும்."

"அதை நான் பாத்துக்கறேன்," என்றாள் தையற்காரி.

அவள் திட்டம் இதுதான். மத்தியானம் ஊர் எல்லைக்கு வெளியே ஒரு வாடிக்கையாளர் வீட்டில் தைத்த திரைச்சீலைகளைக் கொடுக்க வேண்டும் என்று அவரைக் காரை எடுக்க வைப்பது. நல்ல வெயிலில், நீளமான சாலையில், வண்டி நிற்காமல் போய்த் திரும்பும். வீட்டு வாசலில் வந்து இறங்கிய பிறகு பானெட்டைத் திறந்து காட்டி, அவர் வாயடைத்து நிற்பதைப் பார்ப்பது. கல்யாணமான நாளிலிருந்து அவரை வாயடைக்க வைக்க அவளுக்குக் கிடைத்த சந்தர்ப்பங்கள் ரொம்பக் குறைவு.

போகும்போது கார் சமர்த்தாகப் போனது. திரைச்சீலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். சாலையில் ஆளில்லை. இரண்டு பக்கமும் வெட்டவெளி. தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது.

எஞ்சின் சத்தம் பட்டென்று நின்றது. கார் உருண்டு, ஓரம் கட்டி, மண்ணில் இறங்கி நின்றது.

"காயில் சூடாயிடுச்சு," என்றார் டிரைவர். "பங்க்ல போய்த் தண்ணி பிடிச்சிட்டு வர்றியா?"

தையற்காரிக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. புதுக் காயில், பெட்டி பிரிக்காதது, மீட்டர் வைத்து அளந்தது, சூடே வராத இடத்தில் வைத்தது, அதுவும் நின்றுவிட்டதா? அந்தக் கடைக்காரனின் சிரித்த மூஞ்சி கண்முன் வந்தது. நாளைக்கு மலை ஏற வேண்டும். அவள் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும்தான் இன்னொரு பயம் வந்தது. இப்போது அவர் பானெட்டைத் திறப்பார். புதுக் காயிலைப் பார்ப்பார். அவள் வாயால் சொல்வதற்கு முன்னால் அவரே கண்டுபிடித்தால், இந்த நடுச்சாலையில் ஒரு சண்டை, வீடு வரைக்கும் ஒரு சண்டை, நாளை மலை முழுக்க ஒரு சண்டை. தண்ணீர் கிடக்கட்டும் என்று திரும்பினாள். மண்ணோரமாக வேகமாக நடந்தாள். செருப்புச் சத்தம் மணலில் கேட்கவில்லை.

பானெட் திறந்திருந்தது. டிரைவர் குனிந்து நின்று துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தையற்காரி வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

அவர் துணி சுற்றிக்கொண்டிருந்தது பழைய காயிலில். அதில் ஒரு ஒயர்கூட இல்லை. நடுவில் தடித்த ஒயர் செருக வேண்டிய ஓட்டை பொக்கை வாய் மாதிரித் திறந்து கிடந்தது. ஒரு முழம் தள்ளி, சுவரில், வெயிலில் புதுக் காயில் நீலமாக மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. அவர் விரல்கள் பழைய காயிலைத் தடவி, துணியின் நுனியைத் தேடி, முடிச்சுப் போட்டன. முகமோ கைகளைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து சாலையைப் பார்த்தபடி இருந்தது.

கேலி செய்கிறாரோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கண்டுபிடித்துவிட்டு விளையாட்டுக் காட்டுகிறார். இரண்டடி முன்னால் போய், அவருக்கு நேர் எதிரில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றாள். அவர் கண்கள் அவள்மேல்தான் இருந்தன. அவற்றில் ஒன்றும் இல்லை. அவள் கையை உயர்த்தி அவர் முகத்துக்கு முன்னால் அசைத்தாள். இமைகூட ஆடவில்லை.

பிறகு அவர் கையை வாயருகே குவித்து, பெட்ரோல் பங்க் இருந்த பக்கம் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"தண்ணி கிடைச்சுதா?"

அந்தச் சத்தம் அவள் காதோரமாகப் போனது. பதில் சொன்னால் அவர் பயந்துவிடுவாரோ, சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ, ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன் முன்னால், அவள் இல்லாதவளாக நின்றாள். அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். பதில் வராததால், ஒரு கையைக் கார்மேல் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். எத்தனை பழக்கப்பட்ட பொறுமை அது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போனது. அவர் கண்ணைக் கசக்கினார், மூடினார், திறந்தார். பார்வை எங்கெங்கோ அலைந்து, மெல்ல மெல்லக் கூடி, அவள் முகத்தில் வந்து நின்றது. அது வந்து நின்ற கணத்தை அவள் பார்த்தாள். அவர் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். பிறகு கீழே பார்த்தார். தன் கை, துணி, ஒயர் இல்லாத காயில், பக்கத்தில் நீலமாக இன்னொன்று.

"எப்ப வந்தே?" என்றார்.

"தண்ணி கிடைச்சுதான்னு கேட்டீங்களே. அப்ப இங்கதான் நின்னேன்."

அவர் துணியை அவிழ்த்தார். அதை நாலாக மடித்து, இன்னும் சின்னதாக மடித்து, இனி மடிக்க முடியாது என்ற பிறகு பம்பர்மேல் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"நம்ம பொண்ணு மாசமா இருக்கும்போது ஆரம்பிச்சது." அவர் மண்ணைப் பார்த்துப் பேசினார். "ஓரத்துல ஜரிகை மாதிரி மினுங்கும். அப்புறம் சாம்பலா ஒண்ணு வந்து மூடிக்கும். கொஞ்ச நேரம்தான். தானா விலகிடும். மினுங்கும்போதே சாவியைத் திருப்பிடுவேன். ஓரங்கட்ட நேரம் இருக்கும்."

"காயில்?"

"முதல் தடவை நிஜமாவே காயில்தான் சூடாச்சு. அது கோடையில. அப்புறம் கண்ணு இப்படி ஆனப்ப, எல்லாரும் ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்டீங்க. வாயில அதுதான் வந்துச்சு. எல்லாரும் தண்ணிக்குப் போயிட்டீங்க. எனக்குத் தனியா இருக்க நேரம் கிடைச்சுது."

தையற்காரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மார்க்கெட் முன்னாடி நின்னுச்சே?"

"ஆமா."

"உங்க தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப?"

"ஆமா."

"பாலத்துல?"

அவர் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். வெயில் தலையைப் பிளந்தது. கடைசியில் அவரே சொன்னார்.

"பாலத்துல மினுங்கல. சட்டுன்னு மூடிருச்சு. எங்க கைப்பிடிச் சுவரு, எங்க ரோடுன்னு தெரியல. சக்கரம் கல்லுல உரசுற சத்தத்தை வச்சுத்தான் பிரேக் போட்டேன்."

தையற்காரியின் இரண்டு கைகளும் தாமாகவே வயிற்றோடு சேர்ந்து, அங்கே இல்லாத குழந்தையைப் பிடித்துக்கொண்டன. கண்ணில்லாத கார் ஒன்று லாரிக்கு முன்னால் ஓடியிருக்கிறது. அதன் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் லாரிக்காரனைத் திட்டியிருக்கிறாள்.

"நீ மனுஷன்தானா?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. சண்டையின் உச்சத்தில்கூட நீங்க என்றுதான் கத்துவாள். சொன்ன அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அல்லது அது தனக்குத் தகும் என்று விட்டுவிட்டார்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா முதல்ல லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

"பிடுங்கட்டுமே. அது என்ன உன் உயிரா?"

"டிரைவர்னுதான் என்னைக் கூப்பிடுறாங்க," என்றார் அவர். "அதுவும் இல்லேன்னா என்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன. எது முதலில் வரும் என்று தெரியாததால் இரண்டையும் விழுங்கினாள். "நாளைக்கு மலைக்கு என்ன பண்றதா இருந்தே?"

"விடியக்காலையில கிளம்பினா வெயிலுக்கு முன்னாடி மேல போயிடலாம்னு இருந்தேன். வெயில்லதான் அதிகமா வருது."

அவர் அதை யோசித்து, கணக்குப் போட்டு, முடிவு செய்து வைத்திருந்தார். அந்தச் சாதாரணக் குரல்தான் அவளை எல்லாவற்றையும்விட நடுங்க வைத்தது. திருடன்கூட இவ்வளவு நிதானமாகச் சொல்ல மாட்டான். இவர் திருடனில்லை. பேத்தியின் கால்விரலைத் தொடுவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற மனுஷன்.

அவர் எழுந்து பானெட்டை மூடப் போனார். "ஏறு. இப்ப நல்லாத் தெரியுது. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

தையற்காரி பானெட்டுக்குள் கையை விட்டாள். புதுக் காயில் எங்கே இருக்கிறது, எந்த ஒயரை எடுத்தால் வண்டி கிளம்பாது என்பதெல்லாம் காலையில் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்தான். நடுவில் செருகியிருந்த தடித்த ஒயரை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடுங்கி, தோளில் தொங்கிய கைப்பைக்குள் திணித்து, பையை மூடினாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தடுக்கவில்லை. தோளில் இருந்து ஏதோ இறங்கியது போல ஒரு மூச்சு விட்டார்.

கைப்பைக்குள் போன் அடித்தது. மகள்.

"அம்மா, எங்க இருக்கீங்க? நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறோம்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு. பாப்பாவோட துணியெல்லாம் பைல வச்சுட்டேன்."

தையற்காரி வாயைத் திறந்தாள். "கார் நின்னு போச்சும்மா," என்றாள். "காயில்."

சொல்லிவிட்டுப் போனை வெறித்துப் பார்த்தாள். அளந்து வெட்டித் தைத்து வைத்திருந்த மாதிரி அந்தப் பொய் அவ்வளவு வாகாக வந்திருந்தது.

மகள் அந்தப் பக்கம் சிரித்தாள். "பெரிய மாப்பிள்ளை மறுபடி முறுக்கிக்கிட்டாரா? நாளைக்குள்ள அப்பா சரி பண்ணிடுவாரில்ல?"

தையற்காரி போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். டிரைவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் போனை வாங்கிக்கொண்டார்.

"காயில் இல்லம்மா," என்றார். "காயில் புதுசு. உங்க அம்மா பாத்து வாங்கினது. நல்லா இருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியல. நடுவுல நடுவுல இருட்டிடுது. ரொம்ப நாளா. நாளைக்கு நான் ஓட்டல. இனிமே ஓட்டல. நீ மாப்பிள்ளைகிட்ட சொல்லி நல்ல டிரைவரா ஒருத்தரை ஏற்பாடு பண்ணு."

மகள் கேட்டது, சாலை அவ்வளவு அமைதியாக இருந்ததால், தையற்காரிக்கும் தெளிவாகக் கேட்டது.

"இப்ப அங்க வரைக்கும் யாருப்பா ஓட்டிட்டு வந்தது?"

"நான்தான்."

"அம்மாவை வச்சுக்கிட்டா?"

டிரைவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அதுவரை இரண்டு பேரும் குழந்தையைத்தான் நினைத்திருந்தார்கள். கழுத்தில் அளவு டேப்போடு, காலடியில் காலிக் கேனோடு நின்ற இவளை, அவளே உட்பட யாரும் நினைக்கவில்லை. தையற்காரி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஆமா," என்றார் அவர் போனில். "உங்க அம்மாவை வச்சுக்கிட்டுத்தான்."

அதற்குப் பிறகு மகள் என்னென்னவோ கேட்டாள். அவர் போனைக் காதில் வைத்தபடி, மனைவிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.